வாட்ச் காட்டும் கலோரியை வரவு வைக்காதீர்கள்

கையில் கட்டும் ஃபிட்னஸ் வாட்ச் ‘இன்று 2,140 கலோரி எரித்தீர்கள்’ என்று காட்டினால், அந்த எண் அநேகமாகத் தப்பு. எவ்வளவு தப்பு என்பது ஆளுக்கு ஆள், வாட்சுக்கு வாட்ச் மாறும். ஆனாலும் அதே வாட்சை வைத்து எடையைக் குறைக்கலாம், நான் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மதுரையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். வயது 48, உயரம் 156 செ.மீ. மகள் இந்த வாட்சை வாங்கிக் கொடுத்தபோது எடை 74 கிலோ. ஒரு தராசு எப்போதும் 50 கிராம் கூடக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த 50 கிராமைக் கழித்துவிட்டு அதிலேயே நிறுத்துக்கொள்ளலாம். வாட்ச் விஷயத்தில் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். அது நம் உடம்பில் எவ்வளவு கூடக் காட்டுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை, ஊகிக்கிறது. ஆப்பில் நீங்கள் கொடுத்த வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்ற விவரம் ஒன்று. கை அசைவைப் பிடிக்கும் சென்சார் இன்னொன்று. வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சம் மூன்றாவது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த அளவு கூடிக் குறைவதை வைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. இந்த மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணைத் துப்புகிறது, அவ்வளவுதான்.

2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேர் கையில் ஏழு வகை வாட்ச்களைக் கட்டிப் பார்த்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு வாட்ச் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல வாட்ச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். வாட்ச்கள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனால் கை மணிக்கட்டிலிருந்து கலோரியை ஊகிக்கும் அடிப்படை வழி மாறவில்லை.

முதல் வேலை, ஆப்பில் கொடுத்திருக்கும் விவரங்களைச் சரிபார்ப்பது. வாட்ச் வாங்கிய உற்சாகத்தில் பலர் கல்யாண காலத்து எடையைப் போட்டு வைத்திருப்பார்கள், அல்லது குறைத்து எட்ட நினைக்கும் எடையைப் போட்டிருப்பார்கள். இன்றைய எடையைப் போடுங்கள். எந்தக் கையில் கட்டுகிறீர்கள், அது நீங்கள் அதிகம் புழங்கும் கையா என்று செட்டிங்ஸில் கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள். எழுதுவது, கரண்டி பிடிப்பது, துடைப்பது எல்லாம் வலது கை என்றால் வாட்ச் இடது கையில் இருப்பது நல்லது.

எங்களைப் போல வளையல் போடுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வாட்சும் வளையலும் ஒரே கையில் இருந்தால், வளையல் வாட்சை இடித்து நகர்த்திக்கொண்டே இருக்கும், அடியில் வெளிச்சம் புகும், துடிப்பு எண் கன்னாபின்னா என்று ஓடும். வாட்ச் கட்டும் கையில் வளையல் வேண்டாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, தோலோடு ஒட்டி, ஆனால் இறுக்காமல் கட்ட வேண்டும். நடக்கப் போகும்போது இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றி, ஸ்ட்ராப்பை ஒரு ஓட்டை கூட இறுக்கிக்கொள்வேன். திரும்பி வந்ததும் தளர்த்திவிட்டு, ஸ்ட்ராப்பின் உள்பக்கத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுவேன். இல்லாவிட்டால் மதுரை வியர்வைக்கு ஒரு வாரத்தில் அரிப்பு வந்துவிடும்.

அடுத்து, திரையில் தெரியும் எண் எந்த எண் என்று பாருங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான். நாம் படுத்தே கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் செலவாகும் கலோரி ஒன்று இருக்கிறது. இதைக் கணக்கிட 1990-ல் வந்த மிஃப்லின் சூத்திரம் பரவலாகப் புழக்கத்தில் உள்ளது. கிலோவில் எடையை 10-ஆல் பெருக்குங்கள், செ.மீ. கணக்கில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் அதிலிருந்து 161 கழிக்க வேண்டும், ஆண்கள் 5 கூட்ட வேண்டும். என் கணக்கு: 740 கூட்டல் 975, கழித்தல் 240, கழித்தல் 161. விடை 1,314. ஒன்றுமே செய்யாமல் ஒரு நாளைக்கு இவ்வளவு.

சில வாட்ச் இதையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். சில வாட்ச் அசைந்ததற்கு உண்டானதை மட்டும் காட்டும். ஃபிட்பிட் வாட்ச் நள்ளிரவு 12 மணியிலிருந்தே மொத்தக் கணக்கை ஓட்டத் தொடங்கிவிடும். அதனால்தான் காலை 6 மணிக்குக் கண் விழிக்கும்போதே முந்நூறு சொச்சம் ‘எரித்ததாக’ நிற்கும். ஆப்பிள் வாட்சின் சிவப்பு வளையத்தில் நிறைவது அசைவுக் கலோரி மட்டும். பக்கத்து வீட்டு மதினி வாட்சில் 400, உங்கள் வாட்சில் 1,900 என்றால் அவர்கள் சோம்பேறி, நீங்கள் சுறுசுறுப்பு என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு எண்கள்.

நடையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நடப்பது வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம், ஒரு சுற்று ஏறக்குறைய 1.25 கிலோமீட்டர். நாலு சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 5 கி.மீ. வேகம். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 கலோரி செலவாகும் என்பது பொதுவான அளவு. இந்த வேகத்தில் நடந்தால் அதைப்போல மூன்றரை மடங்கு. 74 கிலோவுக்கு 259 கலோரி. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் 74 போயிருக்கும். ஆக, நடந்ததற்காகக் கூடுதலாகப் போனது 185 மட்டுமே. வாட்ச் இதே நடைக்கு 310 என்று காட்டும்.

இப்போது வாக்கிங் முடித்து வரும் வழியில் வடைக் கடை. சின்ன உளுந்த வடை ஒன்றே ஏறக்குறைய நூறு கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் காப்பி இன்னொரு நூறு. “முந்நூறு எரிச்சாச்சுல்ல, ரெண்டு வடை சாப்பிட்டா என்ன?” என்று எங்கள் நடைக் கூட்டத்தில் தினம் ஒரு குரல் கேட்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையில் போனது 185, உள்ளே வந்தது 300. நடக்காமல் வீட்டில் தூங்கியிருந்தால் கணக்கு இதைவிட லாபமாக இருந்திருக்கும்.

வடை சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. வாட்ச் காட்டியதை வைத்துச் சாப்பிடாதீர்கள் என்கிறேன். சாப்பாட்டைக் குறிக்கும் ஆப்பை வாட்சோடு இணைத்தால், எரித்த கலோரியை அது தானாகவே ‘இன்று நீங்கள் சாப்பிடலாம்’ என்ற பக்கத்தில் கூட்டிவிடும். ஆப் செட்டிங்ஸில் அந்த இணைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

வாட்ச் எங்கே ஏமாறும் என்பது கொஞ்ச நாளில் உங்களுக்கே பிடிபடும். சப்பாத்தி மாவு பிசைந்தால் ஸ்டெப்ஸ் ஏறும். குண்டும் குழியுமான தெருவில் ஸ்கூட்டியில் போனாலும் ஏறும். இரண்டு கையிலும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து வந்தால், உண்மையில் அதிகம் உழைத்திருப்பீர்கள், வாட்சோ குறைவாகக் காட்டும், கை வீசவில்லையே. அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு பிரகாரம் சுற்றினாலும் அப்படித்தான். கத்திரி வெயிலில் அதே நாலு சுற்று நடந்தால் கலோரி கூடக் காட்டும். உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்குத் தள்ள வேண்டியிருப்பதால் இதயம் வேகமாக அடிக்கிறது, வாட்ச் அதை உழைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. வெயிலில் நடந்து வந்து எடை மெஷினில் ஏறினால் குறைந்திருப்பது வியர்வை. இரண்டு சொம்பு தண்ணீரில் திரும்பி வந்துவிடும்.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். நான்கு வாரம் பிடிக்கும், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

தினமும் மூன்று எண் எழுத வேண்டும். காலை எடை, முந்தைய நாள் வாட்ச் காட்டிய மொத்தக் கலோரி, முந்தைய நாள் சாப்பிட்ட கலோரி. எடையைக் காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு வந்து, காப்பிக்கு முன்னால், ஒரே இடத்தில், கெட்டியான தரையில் மெஷினை வைத்துப் பார்க்க வேண்டும். பாய், மிதியடி மேல் வைத்தால் எண் மாறும். ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ராத்திரி விருந்தில் ஊறுகாயும் அப்பளமும் கூடுதலாகப் போனால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், மறுநாள் ஒரு கிலோ ஏறியிருக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்த வாரச் சராசரி மட்டுமே கணக்கில் வரும்.

சாப்பாட்டுக் கலோரி எழுதுவது பலருக்கு மலைப்பாக இருக்கும். நம் சமையலில் ஒரு கரண்டி சாம்பாரில் எத்தனை கலோரி என்று ஆப் சொல்வதை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு வீட்டு சாம்பாரும் ஒவ்வொரு மாதிரி. அதனால் நான் சமைத்ததை அளப்பதை விட்டுவிட்டு, சமைக்கப் போடுவதை அளக்கிறேன். அரிசியைப் பச்சையாக நிறுத்தால் 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி, பருப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. சர்க்கரை ஒரு டீஸ்பூன் 20. எண்ணெய் எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி, நல்லெண்ணெய் உட்பட.

எண்ணெய்க் கணக்கை மாதக் கணக்காகப் போட்டுவிடுங்கள், தினமும் ஸ்பூன் எண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் 3 லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், அதாவது 8,190 கலோரி. மூன்று லிட்டருக்கு 24,570. நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு 205. தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து நான் கூடுதலாக எரிப்பது 185 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மளிகைச் சீட்டில் 3 லிட்டரை 2 லிட்டராகத் திருத்தினால் வீட்டில் எல்லோருக்கும் தினம் 68 கலோரி குறைகிறது, யாரும் ஓர் அடி கூடுதலாக நடக்க வேண்டியதில்லை. அப்பளத்தைப் பொரிக்காமல் சுட்டுக் கொடுத்தபோது வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார், பிறகு பழகிவிட்டது.

சாப்பாட்டை மாற்றிய முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து குறையும்போது அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் இறங்கும். ‘ஒரே வாரத்தில் 2 கிலோ’ என்று விளம்பரத்தில் வருவதில் பெரும்பகுதி இதுதான். இரண்டாவது வாரத்திலிருந்து நான்கு வாரம் எழுதுங்கள். முடிவில் கணக்கை இப்படிப் போட வேண்டும்.

வாட்ச் சராசரியாக 2,140 என்றது, நான் எழுதிய சாப்பாடு 1,650 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வித்தியாசம் தினம் 490. 28 நாளுக்கு 13,720. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி என்ற பழைய அளவில் வகுத்தால் 1.8 கிலோ குறைந்திருக்க வேண்டும். வாரச் சராசரியில் குறைந்தது 0.9 கிலோ. அதை 7,700-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் தினம் 247. ஆக, 490 என்று காகிதம் சொல்கிறது, 247 என்று உடம்பு சொல்கிறது. நடுவில் 243 காணாமல் போயிருக்கிறது. வாட்ச் கூடக் காட்டியிருக்கலாம், நான் கைமறதியாகத் தின்ற முறுக்கு நோட்டில் ஏறாமல் போயிருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம். எது என்று துருவ வேண்டியதே இல்லை. இதே வாட்சைக் கட்டி, இதே கை எழுதும் வரை, பிசகும் ஏறக்குறைய இதேதான். வாட்ச் எண்ணிலிருந்து 240 கழித்துவிடுங்கள். 2,140 என்றால் என் கணக்குக்கு 1,900. தினம் 400 துண்டு விழ வேண்டும் என்றால் நோட்டில் 1,500 வரை சாப்பிடலாம்.

400 என்பது ஓர் உதாரணம். 300 முதல் 500 வரை வைத்தால் வாரத்துக்குக் கால் கிலோவோ அரைக் கிலோவோ குறையும், வேலையும் பார்க்க முடியும். பெண்கள் 1,200-க்குக் கீழே இறங்குவதை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் வாட்சைக் கட்டிக்கொண்டாலே குறையாதா என்றால், குறையாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 471 இளைஞர்களை இரண்டு வருடம் கவனித்து 2016-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை ஒன்றுதான். ஆறு மாதம் கழித்துப் பாதிப் பேருக்குக் கையில் கட்டும் கருவியும் கொடுத்தார்கள். கருவி கட்டியவர்கள் குறைத்தது சராசரி 3.5 கிலோ, கட்டாதவர்கள் 5.9 கிலோ. கருவி காட்டும் எண் ‘நான் உழைத்துவிட்டேன்’ என்ற திருப்தியைச் சீக்கிரமே கொடுத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் வாட்ச் தினசரி எதற்கு உபயோகம்? எனக்கு உட்கார்ந்திருப்பதைக் காட்டிக் கொடுக்கத்தான். என் ஆப்பில் மாதாந்திர ஸ்டெப்ஸ் படத்தைப் பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். ஒன்று 11-ம் தேதியை ஒட்டி, இன்னொன்று 20-ம் தேதியை ஒட்டி. முதலாவது கடையின் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிக்குத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கெடு, இரண்டாவது வரி கட்டும் 3பி படிவத்தின் கெடு. அந்த நாட்களில் பில் கட்டுகளுக்கு நடுவில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. மார்ச் மாதம் படம் முழுக்கவே பள்ளம்தான். காலை நடை மட்டும் தினமும் ஒழுங்காக இருந்திருக்கிறது, ஆனாலும் எடை நகரவில்லை. ஒரு மணி நேர நடையைவிட மிச்சம் பதினைந்து மணி நேரம் எப்படிப் போகிறது என்பது பெரிய தொகை.

அந்தப் பள்ளத்தை அடைக்க ஜிம் வேண்டாம். போன் வந்தால் எழுந்து நின்று, குடோன் வரை நடந்துகொண்டே பேசுகிறேன். தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைப்பதை விட்டுவிட்டேன், கேன் மாடியில் இருக்கிறது, தாகம் எடுத்தால் ஏற வேண்டும். பில்லை எடுத்து வரப் பையனை அனுப்பாமல் நானே போகிறேன். “அக்கா, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க, நான் எடுத்தாறேன்” என்பான். இருக்கட்டும்டா என்று போய்விடுவேன். 10,000 ஸ்டெப்ஸ் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது 1965-ல் ஜப்பானில் ஒரு நடைமானி விற்கப் பிறந்த எண். உங்கள் போன வாரச் சராசரி 4,000 என்றால் அடுத்த வாரம் 5,000 பாருங்கள்.

பளு தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்றவற்றுக்கு வாட்ச் மிகக் குறைவாகத்தான் காட்டும். 20 நிமிஷம் இடுப்பு ஒடியச் செய்தாலும் நாற்பது, ஐம்பது என்று நிற்கும். அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரையாமல் காப்பது இதுவும், தட்டில் இருக்கும் பருப்பு, முட்டை, மீன், தயிரும்தான். வாரம் இரண்டு நாள் செய்யுங்கள், அன்று மட்டும் வாட்சைக் கழற்றி வைத்தாலும் சரி.

சிலர் இந்தக் கணக்கைத் தனியாகப் போடக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை திடீரென்று இறங்கும், மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கும். மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை போடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, வாட்சின் கலோரி அவர்களுக்கு இன்னும் தப்பாக இருக்கும். ஸ்டெப்ஸை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் கையில் வாட்ச் இருந்தால் கலோரித் திரையை மறைத்துவிடுங்கள். வளர்கிற வயதில் இந்த எண்ணோடு மல்லுக்கட்டினால் சாப்பாட்டையே வெறுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

எடை இறங்க இறங்கக் கணக்கும் மாறும். 74 கிலோவில் என் நாலு சுற்று நடைக்குக் கூடுதல் செலவு 185 என்றேன், 69 கிலோவில் அது 172. படுத்திருக்கும் செலவும் 1,314-லிருந்து 1,264 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு 4, 5 கிலோ இறங்கியதும் ஆப்பில் புது எடையைப் போட்டுவிட்டு, நோட்டில் ஒரு கோடு கிழித்து, நான்கு வாரக் கணக்கை மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள். புது வாட்ச் வாங்கினாலும் இதேதான். பழைய வாட்சின் 240 புது வாட்சுக்குச் செல்லாது.